குராஸ் மரத்தடியில் சாம்பல்

மங்சிர் 9

கல்யாணமாகி நேபாளத்தின் இந்தப் பசந்தபூர் மலைக்கு வந்து நாற்பது நாள். இன்று விடிகாலையில் வாசலில் நிற்கும், மாசியில் சிவப்பாகப் பூக்கும் குராஸ் மரத்தின் இலைகளெல்லாம் சுருட்டு மாதிரி சுருண்டு தொங்கின. பயந்துவிட்டேன். அது இவருடைய முதல் மனைவி சுக்மாயா நட்டது. அவள் இறந்துபோய் இரண்டு வருஷம். நான் வந்த நேரம் அவள் மரம் பட்டுப்போனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அடுப்புச் சாம்பலை இரண்டு முறம் அள்ளி வேரில் கொட்டினேன். கீழே ஜாபா சமவெளியில் எங்கள் அம்மா வீட்டுப் பூசணிக்கும் வாழைக்கும் அதுதான் சத்து.

மத்தியானம் இலைகள் விரிந்துவிட்டன. சாம்பல் வேலை செய்கிறது!

மங்சிர் 10

காலையில் மறுபடி சுருண்டது. மறுபடி சாம்பல். மத்தியானம் விரிந்தது. இனி தினமும் வீட்டில் மற்றவர்கள் எழும் முன்னே போட வேண்டியதுதான்.

மங்சிர் 21

இவர் ஜீப் ஓட்டிக்கொண்டு தரான் பஜாருக்குப் போனவர், ஒரு அசேலியாப் பூச்செடித் தொட்டியோடு வந்தார். "இது உனக்குன்னு வாங்கினது. எங்க வேணா வை."

எங்கே வைப்பது? குராஸுக்குப் பக்கத்தில் வைத்தால் போட்டிக்கு வைத்தது போல. தள்ளி வைத்தால் ஒதுங்கி நிற்பது போல. சம்ஜனாவைக் கேட்டேன். சுக்மாயாவின் பெண், பதிமூன்று வயது.

"உங்க செடி. என்னைய ஏன் கேக்குறீங்க?"

தொட்டி சமையலறை ஜன்னலில் இருக்கிறது.

பூஸ் 6

அலமாரி துடைக்கும்போது ஒரு டப்பா. உள்ளே ஏழெட்டு உலர்ந்த சிவப்பு இதழ்கள். சம்ஜனா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அம்மா காயவெச்சது. தொடாதீங்க."

வாசல் மரத்துப் பூவாம். தொண்டையில் மீன்முள் சிக்கினால் மெல்லுவார்களாம், இவர் சொன்னார். அவள் வைத்துவிட்டுப் போனதில் அவ்வளவுதான் மிச்சம்.

பூஸ் 19

மரத்தின் இலைகள் மஞ்சளாகின்றன. நரம்பு மட்டும் பச்சை. சாம்பல் போதவில்லையோ?

பூஸ் 20

ஒரு முறம் கூடுதலாகப் போட்டேன்.

மாக் 4

நாற்றுப்பண்ணை டங்கா அண்ணனை இவர் கூட்டி வந்தார். அவர் மண்ணைக் கிளறி முகர்ந்தார்.

"யாரு இதுக்குச் சாம்பல் போட்டது? புளிச்ச மண்ணுல வாழ்ற சாதி இது. சாம்பல் இதுக்கு விஷம்."

இலை சுருண்டதே என்று முனகினேன்.

"குளிருக்குச் சுருட்டிக்கும் தங்கச்சி. நாம போர்வைய இழுத்துக்கறதில்லயா? வெயில் வந்தா தானா விரிச்சுக்கும்."

சம்ஜனா முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல யாரும் சாம்பல் போடல." அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

தெரியாமல்தானே செய்தேன்? தெரியாமல்தானா? சாம்பல் கொட்டும்போது ஒரு நாள் — ஒரே ஒரு நாள் — 'நீ இன்னும் இங்கயேதான் இருக்கியா'ன்னு மனசுக்குள்ள சுக்மாயாவக் கேட்டேனே. அது எதுல சேத்தி? எனக்கே புரியல.

மாக் 5

சாம்பல் போட்டது நான்தான் என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். சம்ஜனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். இவர் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாக் 6

சாம்பல் மண்ணை விரலாலேயே வழித்து எடுத்தேன். வேர் மேலாகவே ஓடுமாம், மண்வெட்டி ஆகாதாம். காட்டிலிருந்து மக்கிய இலைமண், மேலே மூட பைன் ஊசியிலை. மூன்றாவது கூடையோடு திரும்பி வந்தபோது, கொட்டாமல் வைத்துப்போன இரண்டாவது கூடை காலியாக இருந்தது. ஊசியிலை சீராகப் பரப்பியிருந்தது. யார் என்று நான் கேட்கவில்லை.

பாகுன் 25

மலையெல்லாம் குராஸ் பூத்துச் சிவப்பு. எங்கள் மரத்தில் மொட்டுகள் கறுத்து உதிர்ந்தன. ஒரு பூ இல்லை.

சைத் 3

ஜன்னலில் அசேலியா பூத்துத் தொலைத்தது. வெட்கமாக இருந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

சைத் 8

இவர் தமோர் ஆற்று மீன் கொண்டுவந்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். எனக்கு முள் சிக்கிக்கொண்டது. சோற்றை உருட்டி விழுங்கினேன், தண்ணீர் குடித்தேன், இறங்கவில்லை. இவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். சம்ஜனா எழுந்து போனாள். இப்போதும் கோபம்தான் என்று நினைத்தேன்.

டப்பாவோடு வந்தாள்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இந்த வருஷம் பூ இல்லை. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

"வாயத் திற." இருந்த இதழ்களையெல்லாம் என் நாக்கில் வைத்தாள். "மெல்லு. நல்லா மெல்லு."

லேசான புளிப்பு. மென்று விழுங்க விழுங்க முள் இறங்கிற்று. அதன் பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

காலி டப்பாவை என் கையில் வைத்தாள். "அடுத்த வருஷம் பூத்தா நீதான் காயவெக்கணும். நெறைய வெய்யி. உனக்கு மீன் திங்கவே தெரியல."

டப்பாவைக் கழுவித் துடைத்தேன். இப்போது ஜன்னலில், அசேலியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.