கஞ்சிக்கு மேல் சொன்ன பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு ரோகிணியின் நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு லேசான காய்ச்சல் வந்து போய்விட்டது. போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று, இங்கே மெட்டுகுடாவில் நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா, பெர்சிஸ் அக்கா, என் அடுப்பிலேயே கஞ்சி வைத்தார். கிண்டும்போது ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று கேட்டேன்.

“உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்றேன்மா. தூரத்துல இருக்கற அப்பாவையும் சேர்த்துக்கறேன். அவர் பேரென்ன?”

“செல்லப்பா.”

கொதிக்கும் கஞ்சிக்கு மேல் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொன்னார், அப்பா.

கிண்ணத்தைக் கொடுத்து, “உங்க மந்திரத்தைச் சொல்லிட்டு சாப்பிடு” என்று கண்மூடிக் காத்திருந்தார். நீங்கள் சாப்பிடுமுன் சொல்வதைத் தொடங்கினேன், பாதியில் மறந்துவிட்டது. அக்கா அப்படியே காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட உட்காரும்போது போன் செய்து மீதியைச் சொல்லுங்கள். நானும் தட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

ரோகிணி