உன் உயரத்துக்கு வரைந்த வீடு

இன்று காலை உன் வீட்டுச் சமையல் மேடையை இறக்கினோம். இரண்டு பேர் கருங்கல் பலகையைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்தார்கள். அதைத் தாங்கியிருந்த செங்கல் கால்களைக் கொத்தனார் தண்ணீர் விட்டு அறுத்தார். நனைந்த செங்கல் அறுபடும்போது எழுகிற சூளை வாசனை அந்தச் சிறிய அறையை நிறைத்தது. நான் அளவு நாடாவுடன் நின்றேன். முப்பத்தேழு அங்குலத்தில் இருந்தது முப்பதுக்கு வந்தது. "சரியா இருக்கா சார்?" என்று கொத்தனார் கேட்டார். சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் சற்று நேரம் வெளியே போய் நிற்க வேண்டியிருந்தது.

ஒரே கல்லூரியில் படித்து, தஞ்சாவூரில் ஒரே அறையில் அலுவலகம் வைத்த நாம், பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய மனைகளுக்கே பெரும்பாலும் வீடு வரைந்தோம். பாகப்பிரிவினையில் ஒல்லியாகிப்போனவை, சந்து முட்டிக்கொண்டு நிற்பவை. வெளிச்சம் மேலிருந்து இறங்க வேண்டும், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும், கூரையில் விழும் மழை தொட்டிக்குப் போக வேண்டும். இவற்றில் நமக்குள் வேறுபாடு இருந்ததில்லை. சண்டையெல்லாம் அளவுகளில்தான். நான் கையேட்டை நம்புகிறவன். சமையல் மேடை முப்பத்திரண்டு அங்குலம் என்றால் முப்பத்திரண்டு. பலரை அளந்து கண்ட சராசரி அது, பலருக்கும் பொருந்தும் என்பேன்.

"சராசரி மனுஷன்னு ஒருத்தனை நீ பாத்திருக்கியாடா? எந்தத் தெருவுல குடியிருக்கான்?" என்பாய்.

அந்தக் கேலிக்குப் பின்னால் இருந்ததை ஒரே ஒருமுறைதான் சொன்னாய். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உன் குடும்பத்துக்குத் தற்காலிகக் கொட்டகை ஒன்று கிடைத்தது. உன் அப்பாவும் உன்னைப் போலவே ஆறடியைத் தாண்டியவர், கடலில் வலை இழுத்த உடம்பு. அவர் கால் நீட்டிப் படுத்தால் கொட்டகையின் கதவு மூடாது. மற்றவர்கள் பயமில்லாமல் தூங்கக் கதவு மூட வேண்டுமே என்று, அங்கிருந்தவரை முழங்காலை மடக்கியே படுத்திருந்தாராம். "சிறுசா இருக்கறது தப்பில்லடா. ஆளைப் பாக்காம கட்டுனதுதான் தப்பு" என்றாய்.

ஆகவே உனக்கென்று அறுநூறு சதுர அடி மனை அமைந்தபோது உன்னையே அளவுகோலாக்கிக்கொண்டாய். அலுவலகச் சுவரோரம் நிமிர்ந்து நின்று, முழங்கையை மடக்கி, "எழுது" என்றாய். மேடை உன் முழங்கைக்கு, அலமாரி உன் கை எட்டும் தூரத்துக்கு, ஜன்னல் இருக்கை உன் காலுக்கு. தேநீர் கொண்டுவந்த உன் மனைவி பார்த்துக்கொண்டே நின்றார். உன் தோளுக்கும் எட்டாதவர்.

"ஏண்ணே, ஞாயித்துக்கிழமை ஒரு மீன் குழம்பு வைக்கிறதுக்கு வீட்டையே ஒட்டகச்சிவிங்கிக்குக் கட்டுறீங்களே, நியாயமா?" என்று என்னைக் கேட்டார்.

"இனிமே தினமும் நான்தான் சமையல். நீ உக்காந்து சாப்பிடு" என்றாய்.

"இதை அப்படியே பிளான்ல எழுதுங்கண்ணே. நாளைக்குப் பேச்சு மாறுவாரு."

நான் எழுதவில்லை. ஆனால் அந்த வாக்கை நம்பித்தான் மேடையை வரைந்தேன். கேலி செய்தாலும், அவரும் அதை நம்பியிருந்தார்.

மேல்தளம் போட்ட மறுநாள், கான்கிரீட் காய்ந்துவிடாதிருக்க வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தோம். ஏணியில் ஏறிப் பார்த்து, "நாத்து விட்டுடலாம் போலிருக்கே" என்றாய். அந்தத் தண்ணீரை வடிப்பதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது.

வீட்டை வரைபடத்தில் உள்ளபடியே முடித்தேன். வேறு எது செய்யவும் எனக்குத் தெரியவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு நாள் உன் மனைவி வீட்டைப் பார்க்க வந்தார். பெரிய வீட்டில் ஒருவர் இல்லாமற்போனால் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் புழங்கலாம். இந்த வீட்டில் அப்படிப் பூட்டி வைக்க இடமில்லை என்பது அவர் பின்னால் நடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அலமாரிப் பிடியை நோக்கி எக்கினார், விரல் எட்டவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்தார், கால் தரையில் பாவவில்லை. மேடை அவருடைய முழங்கைக்கு மேலே நின்றது. கரண்டி பிடிப்பதுபோலக் கையைத் தோளோடு தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினார்.

"ஒரு பலகை போட்டுக்கலாம்மா. அவன் வரைஞ்சபடியே இருக்கட்டும்" என்றேன்.

அவர் முந்தானையால் கல்லின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"அண்ணே, நான் இங்க குடியிருக்கணுமா, வேணாமா?"

"இது உங்க வீடும்மா."

"பலகையில ஏறுறப்ப ஒரு தடவ, இறங்குறப்ப ஒரு தடவ, அவர் இல்லைன்னு இந்த வீடு எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணுமா? அப்படியே வைக்கணும்னா வச்சுக்குங்க, மாலை போட்ட படம் மாதிரி. நான் பாபநாசத்துல தங்கச்சி வீட்டோட போயிடறேன். இல்ல, நான் இங்க இருக்கணும்னா, என்னை அளந்துக்குங்க."

சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்று, முழங்கையை மடக்கினார்.

அளந்தேன். மறுபடி வரைந்தேன். ஒவ்வொரு கோட்டையும் கீழே கொண்டுவரும்போது உன்னை உன் வீட்டிலிருந்தே வெளியேற்றுவதுபோல் இருந்தது. அவர் கேட்டதோ நீ வாழ்நாளெல்லாம் சொன்னதைத்தான். என் கையேட்டில் இதற்கு விதி கிடையாது, உன் பேச்சில் இருந்தது. உன் தலை இடிக்காமலிருக்க உயர்த்திய வாசல் நிலையை மட்டும் இறக்க இயலவில்லை, மேலே சுவர் எழும்பிவிட்டது. தயங்கித்தான் அவரிடம் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும்ணே. உயரமா இருந்தா யாருக்கும் இடிக்காது" என்றார். வரும் வெள்ளிக்கிழமை குடிபுகுகிறார். பால் காய்ச்ச வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்களாம். என் அடுப்பு, நானே காய்ச்சிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் வந்துபோன நாளிலிருந்து புதிதாகப் போடும் எந்த மேடையையும் செங்கல் காலில் நான் நிறுத்துவதில்லை. சுவரில் இரும்புத் தாங்கி வைத்து, ஏற்றவும் இறக்கவும் முடிகிறபடி போல்ட்டு போடுகிறேன். நேற்று வீடு வரையச் சொல்லி ஒரு தம்பதியர் வந்தார்கள். "எதுக்கு சார் இதெல்லாம்? நிரந்தரமா கட்டிடுங்களேன்" என்றார் கணவர். வயதானால் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அது பொய்யில்லை. பிறகு இருவரையும் சுவரோரம் நிற்கச் சொன்னேன்.

"நான் எதுக்கு சார்? எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது" என்று அவர் சிரித்தார்.

முழங்கையை மடக்குங்கள் என்றேன். மனைவியின் அளவு வரைபடத்துக்குப் போனது. கணவருடைய அளவை நான் வைத்திருக்கிறேன்.