வெயிலில் வைத்த பாட்டில்

5-11-2002, செவ்வாய்

அம்மாவுக்கு மறுபடியும் வயிற்று வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நிற்கிறாள். போன வருஷம் அப்பெண்டிக்ஸ் எடுத்தாகிவிட்டது. பிறகு எதுதான் வலிக்கிறது? பக்கத்து வீட்டு சரோஜா அக்கா எட்டிப் பார்த்து, "ரேஷன் கடை கணக்கா மாசம் பொறந்தா வந்துடுதே சாராளு!" என்றார். வலியிலும் அம்மா சிரித்துவிட்டாள்.

இவ்வளவுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று தேதிகளில் தண்ணீர் மட்டும் குடித்து உபவாச ஜெபத்தில் இருந்தாள். அவள் சுகத்துக்காகவே சபையில் மாதாமாதம் நடப்பது அது.

வகுப்பில் இன்று பென்சீன் வளையம். ஆறு கார்பன்களும் கை கோத்து நிற்கின்றன. அழகு.

8-11-2002

அம்மா எழுந்து பால்வாடி வேலைக்குப் போனாள்.

6-12-2002, வெள்ளி

இந்த மாதம் வலியே வரவில்லை! பாஸ்டர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனதால் உபவாச ஜெபமும் இல்லை. "கேக்காமலே கர்த்தர் குடுத்துட்டார்" என்கிறாள் அம்மா. கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுடப் போகிறாளாம்.

4-1-2003, சனி

வந்துவிட்டது. புத்தாண்டு உபவாசம் முடிந்த மறுநாளே. கத்துகிறாள். கை கால் மரத்துப் போகிறதாம். நர்சிங் ஹோமில், மாசாமாசம் வருவதால் கர்ப்பப்பைதான், எடுத்துவிடலாம் என்றார்களாம். 23-ஆம் தேதி ஆபரேஷன்.

6-1-2003, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. ஆபரேஷனுக்கு முன் சோதிக்க, அம்மாவின் சிறுநீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். லேப் திறக்கவில்லை. பாட்டிலை மதில்மேல் வெயிலில் வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு மணி நேரம். நிமிர்ந்தால், மஞ்சளாக இருந்தது நாவல்பழச் சாறு மாதிரி ஆகியிருந்தது!

லேப் சீனு அண்ணன் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா, கலர் சோடா ஊத்தி எடுத்தாந்துக்கீற? பீட்ரூட் துன்னாங்களா? போய் வேற எடுத்தா" என்றார்.

அம்மா மூன்று நாளாக எதுவுமே தின்னவில்லை. பீட்ரூட் எங்கிருந்து வரும்?

7-1-2003

இரண்டு பாட்டில். ஒன்றைக் கறுப்புத் தாள் சுற்றி அலமாரியில் வைத்தேன். ஒன்று மாடிச் சுவரில். மாலையில் அலமாரி பாட்டில் மஞ்சள். மாடி பாட்டில் சிவப்பு.

அப்படியானால் வெயில்தான்.

11-1-2003, சனி

செங்கல்பட்டு நூலகம். தடித்த இங்கிலீஷ் புத்தகம், அகராதியோடு நாலு மணி நேரம். நாலு சிறு வளையம் சேர்ந்து ஒரு பெரிய வளையம். நடுவில் இரும்பு உட்கார்ந்தால் ரத்தத்தின் சிவப்பு. மக்னீசியம் உட்கார்ந்தால் இலையின் பச்சை. சிலர் உடம்பில் அதைக் கட்டும் வேலை பாதியில் தடைப்படும். அரைகுறைத் துண்டுகள் சிறுநீரில் வரும், வெளிச்சம் பட்டால் தாமாகவே கூடிச் சிவக்கும். வயிற்று வலி விட்டு விட்டு வரும். பட்டினி கிடந்தால் வரும். சில மயக்க ஊசிகள் ஆளையே கொல்லலாம்.

பட்டினி. இந்த நோட்டைப் புரட்டினேன். நவம்பர், ஜனவரி - உபவாசம், வலி. டிசம்பர் - உபவாசம் இல்லை, வலி இல்லை.

23-க்குப் பன்னிரண்டு நாள்தான்.

12-1-2003, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது, இல்லை, சொல்லத்தான் வேணும். அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள். "ஜெபம் பண்றதால நோவு வருதா? ப்ளஸ் ஒன் படிச்சா கர்த்தருக்கே பாடம் எடுப்பியா? வாயக் கழுவுடி."

"ஜெபத்த சொல்லலம்மா, பட்டினியத்தான்" என்றேன். காதில் வாங்கவில்லை. ஏன் எனக்கு அழுகை வருது? அழுதா தேதி தள்ளிப் போயிடுமா?

18-1-2003, சனி

கேளம்பாக்கத்தில் பஸ் மாறித் தனியாகவே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி போனேன். மூன்று டாக்டர்கள் விரட்டிவிட்டார்கள். நாலாவது, மானசா என்ற சின்ன வயசு டாக்டர். வியாதியின் பெயரை நான் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். நோட்டை நீட்டினேன். தேதிகளைப் படித்தார். மறுபடி படித்தார். "டிசம்பர்ல நிஜமாவே வரலையா?"

"வரல டாக்டர். அதிரசம் சாப்ட்டாங்க."

"திங்கக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வந்துடு. அதுவரைக்கும் யாரும் மயக்க ஊசி போடக் கூடாது."

வீட்டில் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நர்சிங் ஹோமுக்குக் கிளம்பினார், தேதியைத் தள்ளச் சொல்ல.

20-1-2003, திங்கள்

அப்பாவுக்காகத்தான் அம்மா வந்தாள். சோதனைக் குழாயில் சிறுநீர், அதில் ஒரு மருந்து. ரோஜா நிறம். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வெட்டி எடுக்க ஒன்றுமில்லையாம். சோறு, சர்க்கரை, வேளை தவறாத சாப்பாடு.

"ஒரு வேளை கூட பட்டினி ஆகாதா?" என்றாள் அம்மா.

"ஒரு வேளை கூட ஆகாதும்மா. உங்க பொண்ணுக்கும் இது இருக்கலாம். அவளும் கிடக்கக் கூடாது."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். கோவளம் வந்ததும், "உனக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

1-2-2003, சனி

உபவாச ஜெபம். அம்மா பைபிளோடு ஒரு டிபன் டப்பாவும் எடுத்துக்கொண்டாள். உள்ளே பால்வாடி சத்துமாவில் பிடித்த வெல்ல உருண்டை. நானும் கூடப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு, எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது, டப்பா மூடி 'டப்' என்றது. சபையே திரும்பியது. அம்மாவின் காது சிவந்துபோனது. பாஸ்டர் ஜெபத்தை நிறுத்தவில்லை. பக்கத்திலிருந்த சந்திரம்மா ஆண்ட்டிதான் குனிந்து, "இன்னா கீது அதுல?" என்றார்.

"மருந்து" என்றாள் அம்மா. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை என் கையில் வைத்து, என் விரல்களை மூடினாள்.

"நீயும் துன்னு."

5-2-2003, புதன்

அம்மா பால்வாடிக்குப் போயிருக்கிறாள்.