குளிரில் கெட்ட காந்தம்

அன்புள்ள பேத்திக்கு,

உன் அம்மாவுக்கு வேலை போன அன்றைக்குக் காந்தத் தொழிற்சாலையில் இருந்தவர்கள்: முதலாளி, கிடங்குக்காரர், சூளைக்காரர், என்ஜினியர், காந்தம் ஏற்றும் மெஷினில் உன் அம்மா, துடைப்பத்தோடு நான். நீ கேட்டாய் என்று சொல்கிறேன். எனக்கு எதுவும் மறக்காது. அதுதான் என் வியாதி. முழங்கால் வலி தனி.

உன் கடிதம் வந்தது. நாங்கள் செய்த கறுப்புக் காந்தத்துக்குள் அணுக்கள் இரண்டு கூட்டமாக எதிரும் புதிருமாக நிற்குமாமே, பெரிய கூட்டம் ஜெயித்த மிச்சம்தான் இழுப்பாமே. நம் வீட்டைப் பார்க்காமலே எவனோ கண்டுபிடித்திருக்கிறான்.

சூடு பட்டால் காந்தம் செத்துவிடும் என்று தொழிற்சாலையில் எல்லாருக்கும் பயம். அந்தக் கோடையில் மோட்டாருக்கான மெல்லிய வில்லைகள், காந்தம் ஏற்றியவை, தட்டுத்தட்டாகக் கிடந்தன. தகரக் கூரை கொதித்தது. கிடங்குக்காரர் என்ஜினியரிடம் போய், "பக்கத்து மீன் கம்பெனி ஐஸ் ரூம்ல வெச்சுடட்டுமா சார்?" என்றார். அவர் தலையைத் தூக்காமலே "ம்" என்றார். நான் அவர் மேசைக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குளிர் விட்ட பிறகும் வில்லைகளுக்குப் பழைய இழுப்பு இல்லை. அளவு பார்க்கும் முள் பாதியில் நின்றது. முதலாளி உன் அம்மாவைப் பார்த்து, "தூங்கிக்கிட்டே ஏத்துனியா?" என்றார். "எல்லாத்துக்கும் முழுசாத்தான் ஏத்துனேன் சார்" என்றாள். ராத்திரி எங்கே வைத்தீர்கள் என்று என்ஜினியர் கேட்டார். கிடங்குக்காரர் ஐஸ் ரூம் என்றதும் என்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ஏத்துன இடத்துலதான் தப்பு" என்றார். அவளை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வெயில் சூட்டில் குறைந்த பலம் ஆறினதும் திரும்பிவிடும், தனியாகக் கிடக்கும் மெல்லிய வில்லை உறைகுளிரில் இழந்தது தானாகத் திரும்பாது, படித்தவர்களுக்கு இது தெரியும் என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடியை எதற்குத் துடைத்தார் என்று இப்போதுதான் புரிகிறது.

உன் அம்மா அப்புறம் எங்கும் வேலைக்குப் போகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறாள். தன் கை பட்டால் விளங்காது என்பாள்.

கிடங்குக்காரர் அறியாமல் செய்தார், விட்டுவிட்டேன். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவரை மன்னிப்பது சுலபம். வேலை போனவளைப் பெண் கேட்டு வந்தாரே என்று ஊரே என்ஜினியரைப் புகழ்ந்தது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நீ வந்து அம்மாவிடம் சொல். நான் சொன்னால் கிழவிக்குப் பழைய பகை என்பாள். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் படிப்பு உன்னைக் காக்க வேண்டும். ஆனால் ஒருவரை நான் மன்னிக்க மாட்டேன்: உன் அப்பாவை.

உன் பாட்டி