கப்பலில் வந்த பானை

மார்ச் 9, ஞாயிறு.

கோபம் இன்னும் ஆறவில்லை. கிழக்கு அரேபியாவில் புதையுண்ட ஊர்களின் காலத்தைப் பானை ஓடுகளை வைத்துக் கணிப்பது மகள் யாழினியின் ஆய்வு. இன்று ரூ காய் தெருவிலுள்ள தமிழ்ச் சங்க மண்டபத்தில் அதைத் தமிழில் விளக்கினாள். அங்கே கிடைத்த தமிழ்நாட்டு ஓடு ஒன்றைப் படத்தில் காட்டியதும் சங்கத் தலைவர் எழுந்தார்.

"அப்ப அது தமிழரின்ரை ஊர்தானே?"

"இல்லை அண்ணை. அந்தப் பானை கப்பலிலை வந்தது. ஊர் எந்தக் காலத்தது எண்டுதான் அது சொல்லும்."

அவர் தமிழ் வகுப்பு எடுக்கும் என் பக்கம் திரும்பினார். "ரீச்சர், பிள்ளைக்குத் தமிழ்ப்பற்றை ஊட்ட மறந்திட்டியள்!"

சபை சிரித்தது.

"என்ரை குசினியிலை சீனாக் குக்கர் இருக்கு. அப்ப நான் சீனாக்காரியோ?" என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பேச்சைத் தமிழில் எழுத எவ்வளவு பாடுபட்டாள்! மெட்ரோவில் என்னோடு பிரெஞ்சிலேயே பேசினாள். இனி எந்தக் கூட்டத்திலும் தமிழில் பேசமாட்டாளாம். பேசு என்று நான் எந்த வாயால் சொல்வது?