புல்வெளியில் கூப்பிட்ட பேர்

சைகோன்
12.12.1999

அன்புள்ள சீதாவுக்கு,

நான் நலம். நம் மீனாளுக்கு ஆயிரம் முத்தம். ஒரு இடம் பார்த்துவிட்டு வந்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை! மில் ஆட்களோடு காட் தியென் தேசியப் பூங்காவுக்குப் போனோம். வேனில் நாலு மணி நேரம். படகில் ஆற்றைத் தாண்டினால் காடு, நடுவில் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி! மேடு பள்ளமில்லாத பாதை, மீனாள் ஓடியே போய்விடுவாள். மானும் மயிலும் மேய்கின்றன. பிப்ரவரியில் இந்த வியட்நாம்காரர்களின் டெட் புத்தாண்டுக்கு மில்லுக்கு லீவு. இரண்டு பேரும் வாருங்கள்.

இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லி மில்லில் கேட்கிறார்கள். குடும்பத்துக்கு வீடும் தருவார்களாம். நீ குடிவந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். வந்து பார்த்துவிட்டுச் சொல்.

உன்
அழகப்பன்

தேவகோட்டை
3.1.2000

மீனாள் அப்பச்சிக்கு,

இங்கு யாவரும் சுகம். இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாத ஆளுக்கு மயில் ஒரு கேடா என்று கோபமாகத்தான் இருந்தேன். உங்கள் மகள் அந்தக் கடிதத்தைத் தெரு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டாள். இனி வராவிட்டால் என்னைப் பிய்த்துத் தின்றுவிடுவாள். வருகிறோம். வடகமும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவருகிறேன்.

பத்து நாள்தான். குடிவருகிற பேச்சே எடுக்கக்கூடாது. அந்த ஊரில் நான் யாரிடம் வாயைத் திறப்பேன்? இங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு சௌந்தரமாவது இருக்கிறாள்.

இப்படிக்கு
சீதாலட்சுமி

சைகோன்
20.2.2000

அன்புள்ள சீதாவுக்கு,

நீங்கள் விமானம் ஏறியதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஆனாலும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். காட் தியெனில் மயிலைப் பார்த்ததும் ஆள் உயரப் புல்லுக்குள் நான் போனது தப்புதான். என்னைத் தேட வழிகாட்டி உன்னிடம் என் பேரைக் கேட்டால், நீ மீனாளைக் கைகாட்டுவதா? அவள் அப்பாவைக் கூப்பிடுகிற வழக்கத்தில் “அப்பச்சி” என்று சொல்ல, அந்த மனிதர் அதுதான் என் பேரென்று “அப்பச்சி! அப்பச்சி!” என்று புல்வெளி முழுக்க அலைந்திருக்கிறார். அவர் உச்சரிப்பில் எனக்கு அது விளங்கவில்லை; யாரோ யாரையோ தேடுகிறார்கள் என்று நான் பாட்டுக்கு மயில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வந்ததே ஒரு குரல்! “அழகப்பா! எங்க இருக்கீக?” கல்யாணமாகி எட்டு வருஷத்தில் உன் வாயில் என் பேர் வந்தது முதல் தடவை! மயில் பறந்தது, மான்கள் ஓடின, எனக்குக் கைகால் ஓடவில்லை. என்னைக் கண்டதும் அழுதுகொண்டே முதுகில் நாலு போட்டாயே, அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

மே மாதத்துக்குள் மில்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். வருவாயா சீதா? என் பேரைப் போட்டு எழுது!

உன்
அழகப்பன்

தேவகோட்டை
18.4.2000

மீனாள் அப்பச்சிக்கு,

பேரைப் போட்டு எழுதவா? ஆசையைப் பாரு! அன்றைக்கு ஏதோ பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது. மீனாள் அதை வீடு வீடாக நடித்துக் காட்டி என் மானத்தை வாங்குகிறாள். “புருஷன் பேரையா கத்துனே?” என்று சௌந்தரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

பதில் போடவில்லை என்று கோபித்திருப்பீர்கள். மீனாளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றிருந்தேன். உங்களைக் காணாத அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. அதையே தாங்காதவள், இன்னும் மூன்று வருஷத்தை எப்படித் தள்ளுவேன்? என்னால் ஆகாது.

மில்லில் கையெழுத்துப் போடுங்கள். மீனாளுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியாச்சு. வருவதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள், திரும்புவதற்கு வேண்டாம்.

இப்படிக்கு
சீதாலட்சுமி