கோஃபினாவின் கார் நிறுத்துமிடம்

கோஃபினா,
11 மே 2003

அன்பு மகள் ரோதூலாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ உடனே சண்டைக்கு வருகிறாய், அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. சட்டப் படிப்பு படிக்கிறவள் வேளைக்குச் சாப்பிடக் கூடாதென்று ஏதும் சட்டம் இல்லையே?

நம் தீவை வடக்கு தெற்காகப் பிரித்த எல்லைக்கோட்டைத் திறந்துவிட்டார்கள் அல்லவா. போன ஞாயிறு நம் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவள் எழுபது வயதுக் கிழவி, பெயர் பெம்பே. நாம் இருக்கும் வீடு, எழுபத்து நான்கு போருக்கு முன்னால் அவளுடையது. துருக்கிக்காரிதான், ஆனால் நம் கிரேக்கப் பேச்சை நம்மைவிட நன்றாகப் பேசுகிறாள். இப்போது வடக்கே மோர்ஃபூவில், நம்மவர் யாரோ விட்டு ஓடிய வீட்டில் குடியிருக்கிறாளாம்.

வீட்டைத்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாதுமை இனிப்பில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு சொன்னாள்: "வீட்ட நீயே வச்சுக்க தம்பி. உன் வீட்டுக்காரி சமையக்கட்ட என்னைவிடச் சுத்தமா வச்சிருக்கா. என் புள்ள நெவ்ஸாத் இந்த ஊரு மண்ணுலதான் கெடக்கான். ஆறு மாசக் குழந்தை, பல்லு கூட முளைக்கல. அவன் தலைமாட்டுல பேரெழுதி ஒரு கல்லு நடணும். அது போதும் எனக்கு."

மேட்டிலிருக்கும் அவர்களுடைய இடுகாடு புதர் மண்டிக் கிடக்கிறது, பாம்பு உண்டு, சுத்தம் செய்து வைக்கிறேன், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். மரியாதையாகவே நடந்துகொண்டேன். அவர்களோடு எனக்கென்ன விரோதம்? ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

அந்த மேட்டு நிலம் பற்றி ஊர்க் கமிட்டியில் ஒரு பேச்சு ஓடுகிறது. பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா ஹாம்பிஸ்


லண்டன்,
24 மே 2003

அப்பாவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன்.

என்ன பேச்சு? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

நான் அந்த இடுகாட்டில் விளையாடி வளர்ந்தவள். ஒரு பாம்பையும் பார்த்ததில்லை. பெரியவர்களின் கற்கள் கீழ் வரிசையில் இருக்கும். குழந்தைகளுடையவை மதிலோரம், முழங்கை நீளம்தான். நம் வாசலிலிருந்து ஐந்து நிமிட நடை. காபி ஆறுவதற்குள் நீங்கள் அவளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம்.

ஊர்த் தலைவர் நீங்கள்தான். கமிட்டி என்று யாரோ இருப்பதுபோல எழுதாதீர்கள். கொக்கோஸ் மாமாவும் இன்னும் மூன்று பேரும் நீங்கள் தலையாட்டினால் தலையாட்டுவார்கள். அந்த நிலத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அவள் கல்லை நட்டுவிட்டுப் போகட்டும்.

ரோதூலா


கோஃபினா,
2 நவம்பர் 2003

என் வக்கீல் மகளுக்கு,

உன் கோபத்தை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆலிவ் பறிப்பு தொடங்கிவிட்டது. இந்த வருடம் காய் பருமன்.

நான் வடக்கே போய் வந்தேன். என் சொந்த நாட்டில் கடவுச்சீட்டைக் காட்ட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், கடைசியில் காட்டிவிட்டுத்தான் போனேன். நான் பிறந்த பெட்ரோமுத்தியில் உன் தாத்தாவின் கல்லறையைத் தேடினேன். பளிங்குச் சிலுவையை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு கழுதையைக் கட்டியிருந்தார்கள். நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன், ரோதூலா. தொலைக்காட்சிக்காரர்கள் படம் பிடித்தார்கள். ஊரே பார்த்தது. பாதிரியார் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் காபிக்கடைக்கு நிகோசியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள், கருத்துக் கணிப்பு என்று. கறிக்கடை கொக்கோஸைத்தான் முதலில் பிடித்தாள்.

"ஒரு துருக்கிக் குடும்பம் உங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தா உங்களுக்குச் சம்மதமா ஐயா?"

"தாராளமா. நல்ல சனங்கம்மா அவங்க."

"அப்ப சம்மதம்னு போட்டுக்கறேன்."

"இரு, இரு. எந்தப் பக்கத்து வீடு? இடப்பக்கம் எம் மவன் இருக்கான்."

"சரி, வலப்பக்கம்?"

"அது அவங்க வீடுதான். நான் ஆடு கட்டியிருக்கேன்."

"அப்ப சம்மதம் இல்லைன்னு போடவா?"

"ஐயையோ, அப்படிப் போடாத, பேரு கெட்டுப்போகும். தெரியாதுன்னு போடு."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று கடையில் இருந்த எல்லோரும் தெரியாது என்றுதான் போட்டோம்.

மேட்டு நிலத்தை ஆகஸ்ட் மாதா திருவிழாவுக்கு முன்பே தார் போட்டுச் சமன் செய்தாகிவிட்டது. நீ கோபிப்பாய் என்றுதான் இதுவரை எழுதவில்லை. இனிமேல் கார்கள் ரோட்டை அடைத்து நிற்காது. கற்களை ஒப்பந்தக்காரர் ஒன்றும் உடைக்கவில்லை, மரியாதையாக எடுத்து ஓடைக்கரையில் கொட்டியிருக்கிறார். பெம்பே வசந்தத்தில் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா


லண்டன்,
16 நவம்பர் 2003

அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்து முடித்து எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டுத்தான்.

தாத்தாவின் சிலுவையை உடைத்தவனும் இதேபோல உட்கார்ந்து தன் மகளுக்கு எழுதியிருப்பான்: காய் பருமன், முட்டிவலி பரவாயில்லை, கல்லை மரியாதையாக உடைத்தோம் என்று. நீங்கள் அழுததை நான் நம்புகிறேன். அதுதான் எனக்குக் குமட்டுகிறது. அந்தக் கழுதையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் நேரே அந்தத் தாரின் மேல்தானே வண்டியை நிறுத்தியிருப்பீர்கள்.

நான் வேலை செய்யும் ரொட்டிக்கடைக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவர் துருக்கியர், நம் தீவுக்காரர். அவரும் சொல்கிறார், உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டோம், விரோதம் இல்லை என்று. சேர்ந்து வாழலாமா என்று கேட்டேன். வெங்காயம் எடுத்துவைக்கப் போய்விட்டார். அந்தத் தட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று யாராவது எனக்குக் காட்டினால் தேவலை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் வரும்போது, காரை விட்டு இறங்குவதற்கு முன்பே, உண்மையைச் சொல்லுங்கள். தார் போட்டோம், அதற்கடியில்தான் உங்கள் பிள்ளை இருக்கிறான், தவறு எங்களுடையது என்று. சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்தால் கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறேன். இல்லையென்றால் வரமாட்டேன். மிரட்டல் அல்ல. உங்களோடு ஒரே மேசையில் உட்கார என்னால் முடியாது.

ரோதூலா


கோஃபினா,
2 மே 2004

அன்பு மகளுக்கு,

தீவு மறுபடி ஒன்றாகலாமா என்ற வாக்கெடுப்பு முடிந்தது. அவர்கள் பக்கம் சேரலாம் என்றார்கள், நம் பக்கம் வேண்டாம் என்றோம். நம் ஊரில் வேண்டும் என்று போட்டவர்கள் யாரென்று கொக்கோஸ் இன்னும் துப்பறிந்துகொண்டிருக்கிறான். வீட்டிலேயே தேடு என்று அவன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள்.

பெம்பே வந்துபோனாள். நீ எழுதியதை நான் மறக்கவில்லை. சொல்லத்தான் இருந்தேன். ஆனால் பத்திரிகைக்காரர்கள் இரு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக அலைகிற நேரத்தில் ஊர்ப் பெயரை எப்படிக் கெடுப்பது? அதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தோம். ஆலிவ் தோப்புக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் கொக்கோஸும் நானும் ஒரு கல்லறை கட்டினோம். செலவைப் பார்க்கவில்லை. ஆள் நீளத்துக்கு மண்ணைக் கூட்டி, சுற்றிலும் வெள்ளைக் கல் பதித்து, இரண்டு முனையிலும் கல் நட்டு, பார்க்கவே கண்ணியமாக இருந்தது. இடுகாட்டை இங்கே மாற்றிவிட்டோம், உங்கள் பிள்ளைக்குத் தனியிடம் கொடுத்தோம் என்று சொன்னேன்.

அவள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக நடந்து பார்த்தாள்.

"இது நெவ்ஸாத்தா தம்பி?"

"ஆமாம்மா."

"நல்லா வளந்துட்டான்," என்றாள்.

கொக்கோஸ் சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டான். பாவம், வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது. கொண்டுவந்த கல்லை ஏனோ நடவில்லை, காரிலேயே திருப்பி எடுத்துப் போனாள். அம்மா போட்டு வைத்த காபியும் வேண்டாம் என்றாள்.

ஆக எல்லாம் சுமுகமாக முடிந்தது. யார் மனதும் நோகவில்லை. டிக்கெட் எப்போது எடுக்கிறாய்? லார்னாகா விமான நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
அப்பா


லண்டன்,
15 மே 2004

ஊர்த் தலைவர் ஹாம்பிஸ் அவர்களுக்கு,

ஆறு மாதக் குழந்தைக்கு ஆள் நீளக் கல்லறை. பெம்பேயின் புத்தி தடுமாறவில்லை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று உங்கள் முகத்துக்கு நேரே, உங்கள் மொழியிலேயே சொன்னாள். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள்.

அம்மாவிடம் அவளுடைய முகவரி இருந்தது. எனக்கு அனுப்பிவைத்தாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள். நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வீட்டில் யாராவது ஒருவர் ஒன்றையாவது மறைக்காமல் சொல்ல வேண்டும். பெம்பேக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மதில் எங்கே இருந்தது, குழந்தைகளின் வரிசை எங்கே, அதன் மேல் இப்போது யாருடைய கறிவண்டி நிற்கிறது, கற்கள் எந்த ஓடையில் கிடக்கின்றன என்று படம் வரைந்து அனுப்பினேன். தாரைப் பெயர்க்க எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றும் எழுதினேன். சாட்சியாக என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

அவளிடமிருந்து பதில் வந்துவிட்டது. கல் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

விமான நிலையத்துக்கு வர வேண்டாம். நான் நிகோசியாவில் தங்கிக்கொள்கிறேன். ஜூலை முதல் ஞாயிறு காலை அவளும் நானும் கோஃபினாவுக்கு வருகிறோம். அன்றைக்கு அங்கே வண்டி எதுவும் நிற்கக் கூடாது.

ரோதூலா